காய்ச்சல் விட்ட நாள்



ஆவடிப் பக்கத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். ஒவ்வோர் ஆண்டும் காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது, 2017ஆம் ஆண்டின் ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு நினைவுக்கு வந்துவிடும். அன்று நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிட்டுத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டும்.

என் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு வெள்ளிக்கிழமை இரவு காய்ச்சல் தொடங்கியிருக்கிறது. சனி, ஞாயிறு விடுமுறை. திங்களன்று அவள் பள்ளிக்கு வரவில்லை. செவ்வாய் காலை ஏழரை மணிக்கு அவளுடைய அம்மா ஃபோன் செய்தார். அவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. எட்டு மணிக்குக் கம்பெனி வேன் வந்துவிடும்.

“டீச்சர், ராத்திரியே ஜுரம் விட்டுடுச்சு. ஆனா எழுந்து உக்கார மாட்டேங்குறா. இன்னைக்குக் கணக்குப் பரீட்சையாமே? அனுப்பட்டுமா?”

“ஜுரம்தான் இல்லையேம்மா. பரீட்சையை மட்டும் எழுதட்டும். முடிஞ்சதும் நானே வீட்டுக்கு அனுப்பிடுறேன்” என்றேன்.

தேர்வு தொடங்கி அரை மணி நேரத்தில் மேசையில் தலை சாய்த்துவிட்டாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. வயிறு வலிக்கிறது என்றாள். காலையில் சாப்பிடாமல் வந்திருப்பாள் என்று நினைத்து பிஸ்கட்டும் தண்ணீரும் கொடுத்தேன். அதை வாந்தி எடுத்தாள். பத்து நிமிடத்தில் மறுபடியும் எடுத்தாள். அப்போது அங்கே வந்த சத்துணவு அமைப்பாளர் அக்கா அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “டீச்சர், கை ஐஸ் மாதிரி இருக்கு. இது பசி மயக்கம் இல்ல” என்றார். நானும் இன்னோர் ஆசிரியரும் அவளை ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம்.

அங்கே மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “காய்ச்சல் வந்து இன்னையோட எத்தனை நாள்?” என்பது. எனக்குப் பதில் தெரியவில்லை. “இப்ப காய்ச்சல் இல்லைங்க டாக்டர், நேத்து ராத்திரியே விட்டுடுச்சு” என்றேன், நல்ல செய்தி சொல்வதுபோல. அவர் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். “டெங்குல காய்ச்சல் விட்டதுக்கு அப்புறம்தான் டீச்சர் பயமே” என்று சொல்லிக்கொண்டே சலைன் ஏற்றச் சொன்னார்.

அவள் பிழைத்துக்கொண்டாள். ஒரு வாரத்தில் வீடு திரும்பினாள். அந்த ஆண்டில் தமிழகத்தில் டெங்கு பாதித்தவர்களாக அரசுக் கணக்கில் பதிவானவர்கள் 23,294 பேர். இறந்தவர்கள் 65 பேர். காய்ச்சல் விட்டுவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக அவளைத் தேர்வு எழுத வரச் சொன்னவள் நான் என்பது இன்றும் என் மனத்தில் இருக்கிறது.

காய்ச்சல் குறைந்தால் நோய் குறைந்துவிட்டது என்பதுதான் நாம் எல்லோரும் வீட்டில் கற்ற பாடம். மற்றப் பல காய்ச்சல்களுக்கு அது பொருந்தும். டெங்குவுக்குப் பொருந்தாது. பிள்ளை பள்ளிக்குத் திரும்பி வரும் நாளும் டெங்குவின் ஆபத்தான நாளும் ஒரே நாளாக இருக்கக்கூடும் என்பதால், இதைப் பெற்றோரைவிட ஆசிரியர்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மூன்று கட்டங்கள்

டெங்குவை மருத்துவர்கள் மூன்று கட்டங்களாகப் பிரிக்கிறார்கள்.

முதலாவது, காய்ச்சல் கட்டம். திடீரென்று கடுமையான காய்ச்சல் அடிக்கும். தலைவலி, கண்ணுக்குப் பின்புறம் வலி, உடம்பு வலி, மூட்டு வலி, குமட்டல் எல்லாம் சேர்ந்து வரலாம். சிலருக்குத் தோலில் சிவப்புத் தடிப்புகள் தெரியும். இது 2 முதல் 7 நாள் வரை நீடிக்கும்.

இரண்டாவது, ஆபத்துக் கட்டம். காய்ச்சல் இறங்கும்போது இது தொடங்குகிறது. பெரும்பாலும் 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையில் வரும். 24 முதல் 48 மணி நேரம் இருக்கும்.

மூன்றாவது, தேறும் கட்டம். பசி எடுக்கும், சிறுநீர் நன்றாகப் போகும், பிள்ளையின் முகம் தெளியும்.

டெங்கு வந்த எல்லோருக்கும் இரண்டாவது கட்டம் கடுமையாகிவிடுவதில்லை. பலருக்கு நோய் வந்ததே தெரியாமல் போய்விடும். பெரும்பாலோர் ஒரு வாரத்தில் எழுந்து நடமாடுவார்கள். ஆனால் யாருக்குக் கடுமையாகும் என்று முதல் நாளிலேயே சொல்லிவிட முடியாது. அதனால்தான் காய்ச்சல் விட்ட பிறகு வரும் அந்த இரண்டு நாளும் எல்லாப் பிள்ளைகளையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

கவனிக்க வேண்டியவற்றை உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் எச்சரிக்கை அறிகுறிகளாக வரிசைப்படுத்தியது. ஓய்வறைச் சுவரில் எழுதி ஒட்டிவைக்கும் அளவுக்கு அவை முக்கியமானவை:

• விடாத வயிற்று வலி
• தொடர்ந்து வாந்தி
• பல் ஈறு, மூக்கில் இரத்தக் கசிவு
• அளவுக்கு மீறிய சோர்வு, தூக்கக் கலக்கம் அல்லது நிலைகொள்ளாமை

இவற்றோடு சில்லிட்ட கை கால்கள், சிறுநீர் குறைதல், கறுப்பாக மலம் போதல் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதில் ஒன்று தென்பட்டாலும் நேரே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். என் மாணவியிடம் அன்று நான்கு அறிகுறிகள் இருந்தன. நான் நெற்றிச் சூட்டை மட்டும் பார்த்தேன்.

பானை கசிவதுபோல

காய்ச்சல் விட்ட பிறகு ஏன் ஆபத்து? எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை ஒரு மண்பானையை வைத்து விளக்குகிறேன். புதுப்பானையில் நீர் ஊற்றினால் வெளிப்புறம் ஈரமாகும். உடையவில்லை, ஓட்டையும் இல்லை. ஆனாலும் உள்ளே நீர்மட்டம் குறைந்துகொண்டே வரும்.

நம் இரத்தத்தில் பாதிக்கு மேல் பிளாஸ்மா என்னும் நீர்மம். கடுமையான டெங்குவில் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்து, பிளாஸ்மா வெளியே கசிகிறது. வயிற்றிலும் நெஞ்சுக்கூட்டிலும் போய்ச் சேர்கிறது. குழாய்க்குள் எஞ்சிய இரத்தம் அளவில் குறைந்து கெட்டியாகிறது. இருக்கும் இரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் அனுப்பியாக வேண்டும் என்பதால், உடல் கை கால்களுக்குப் போகும் ஓட்டத்தைச் சுருக்கிக்கொள்கிறது. கை சில்லிடுவது அதனால்தான். சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறைவதால் சிறுநீரும் குறைகிறது. இந்தக் கசிவு மிகுந்தால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

பெற்றோர் எல்லோரும் கேட்பது, “பிளேட்லெட் எவ்வளவு?” என்பதுதான். தட்டணுக்கள் குறைவது உண்மை. அதையும் மருத்துவர் பார்க்கிறார். ஆனால் அவர் அதைவிட உன்னிப்பாகப் பார்ப்பது இரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்று காட்டும் ஹீமட்டோகிரிட் அளவையும், நாடித் துடிப்பையும், இரத்த அழுத்தத்தையும். டெங்கு வைரஸைக் கொல்லத் தனி மருந்து கிடையாது. கசிந்துபோன நீரைச் சரியான நேரத்தில், சரியான அளவில் ஈடுகட்டுவதே சிகிச்சை. நேரத்தோடு கொண்டுசென்ற பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் பிழைத்துவிடுவது இதனால்தான்.

“எங்க பிள்ளைக்குப் போன வருஷமே டெங்கு வந்துடுச்சு, இனிமே வராது” என்று சிலர் சொல்வார்கள். டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு மட்டுமே நீண்டகால எதிர்ப்பாற்றல் கிடைக்கும். வேறொரு வகை இரண்டாம் முறை தொற்றும்போது நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். ஆகவே முன்பு டெங்கு வந்த பிள்ளையை இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

கண்டுபிடிப்பது நம் வேலை இல்லை. நாள் கணக்கு நம் வேலை

மழைக்காலக் காய்ச்சல் எல்லாம் டெங்கு ஆகாது. டைபாய்டு, மலேரியா, எலிக்காய்ச்சல் ஆகியவையும் முதல் இரண்டு நாளில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். பூந்தமல்லி தாண்டி திருமழிசை, வெள்ளவேடு என்று போகப் போக வயலும் புதரும் வந்துவிடுகின்றன. புதரில் இருக்கும் நுண்ணிய உண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலும் தமிழகத்தில் உண்டு. அதற்குச் சரியான ஆன்டிபயாடிக் கொடுத்தால் குணமாகும். டெங்குவுக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. எனவே “இது டெங்குதான்” என்றோ, “வெறும் வைரல் காய்ச்சல்தான்” என்றோ நாம் சொல்லிவிடக் கூடாது.

கிராமப் பள்ளி ஆசிரியர்கள் டெங்குவை நகரத்து நோய் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. 2012இல் தமிழகத்தில் 12,826 பேருக்கு டெங்கு பதிவாகி 66 பேர் இறந்தபோது, மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது திருநெல்வேலி மாவட்டம். கடையநல்லூர்ப் பகுதியின் பெயர் அன்று நாள்தோறும் செய்தியில் வந்தது. குழாய்த் தண்ணீர் நாள் விட்டு நாள் வருகிற, பிளாஸ்டிக் ட்ரம்மில் பிடித்து வைக்கிற எந்த ஊரிலும் இந்தக் கொசு குடியேறிவிடும்.

நாம் செய்யக்கூடியது, காய்ச்சல் தொடங்கிய தேதியைக் குறித்து வைப்பது. மருத்துவருக்கு அது பெரிய உதவி. காய்ச்சலின் முதல் ஐந்து நாளில் என்.எஸ்.1 என்ற பரிசோதனையில் வைரஸின் புரதத்தைக் கண்டறியலாம். அதன் பிறகு ஐ.ஜி.எம். எதிர்ப்பொருளைப் பார்க்கும் எலிசா பரிசோதனையே பொருத்தமானது. எத்தனையாவது நாள் என்று தெரிந்தால் எந்தப் பரிசோதனை என்பதும், ஆபத்துக் கட்டம் எப்போது என்பதும் தெரிந்துவிடும்.

பெற்றோரிடம் இன்னும் மூன்றைச் சொல்லலாம். ஒன்று, காய்ச்சலுக்கு மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் மட்டுமே. ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் ஊசிகளும் இரத்தக் கசிவை அதிகமாக்கக்கூடும். இரண்டு, கஞ்சி, மோர், இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று ஏதாவது ஒன்றை அடிக்கடி கொடுக்க வேண்டும். மூன்று, நிலவேம்புக் குடிநீர் குடித்தாயிற்று என்பதற்காக மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

பள்ளி நேரமே கடிக்கும் நேரம்

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். காலையில் விடிந்த பிறகு சில மணி நேரமும், மாலையில் இருட்டுவதற்கு முன்பும் அதற்குச் சுறுசுறுப்பான நேரம். காலை வழிபாட்டுக் கூட்டமும் மாலை விளையாட்டு வகுப்பும் அந்த நேரங்களில்தான். இரவு கொசுவலைக்குள் பத்திரமாகத் தூங்கிய பிள்ளையை வகுப்பறை மேசைக்கு அடியில் கொசு கடிக்கலாம்.

நோயாளியைக் கடித்த கொசு உடனே நோயைப் பரப்புவதில்லை. வைரஸ் அதன் உடலில் பெருகி உமிழ்நீருக்கு வர 8 முதல் 12 நாளாகும். பிறகு அது உயிரோடு இருக்கும்வரை பரப்பும். காய்ச்சலில் இருக்கும் பிள்ளையைப் பகலிலும் வலைக்குள் படுக்கவைப்பது அந்தத் தெருவுக்கே பாதுகாப்பு என்பதற்கு இதுவே காரணம்.

இந்தக் கொசு வெகுதூரம் பறக்காது; பொதுவாகச் சில நூறு மீட்டருக்குள் முடிந்துவிடும். எனவே டெங்கு தெருவாரியாகத்தான் கிளம்பும். ஒரே தெருப் பிள்ளைகள் மூவர் ஒரே வாரத்தில் காய்ச்சலால் வரவில்லை என்பது எந்தச் சுகாதார ஆய்வாளருக்கும் முன்பே வகுப்பாசிரியருக்குத் தெரிந்துவிடும். அதைக் கையில் வைத்துக்கொண்டு நாம் பேசாமல் இருக்கக் கூடாது.

ஏடிஸ் சாக்கடையில் முட்டையிடுவதில்லை. ஓரளவு தெளிந்த, தேங்கிய நீர் அதற்கு வேண்டும். ஒருமுறை எட்டாம் வகுப்பில், “உங்கள் வீட்டில் தண்ணீர் ஒரு வாரத்துக்கு மேல் அசையாமல் நிற்கும் இடங்களை எழுதி வாருங்கள்” என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன். பிள்ளைகள் எழுதி வந்தவை: மூடியில்லாத ட்ரம், மாடியில் கிடக்கும் பழைய டயர், பயன்படுத்தாத ஆட்டுக்கல்லின் குழி, பூந்தொட்டியின் அடித்தட்டு, கொட்டாங்குச்சி, பெயிண்ட் டப்பா, ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டு. கட்டுமான வேலைக்காரர் பிள்ளை ஒருவன், “லிஃப்டுக்குத் தோண்டின பள்ளம்” என்று எழுதியிருந்தான். எனக்கே தோன்றாத இடம் அது.

தண்ணீர் சேமிக்க வேண்டாம் என்று நம் பகுதி மக்களிடம் சொல்ல முடியாது. லாரி வரும் நாளில் பிடித்தால்தான் உண்டு. சொல்லக்கூடியது வேறு. ட்ரம்மின் வாயில் பழைய வேட்டித் துணியை இறுகக் கட்டுங்கள். வாரம் ஒருமுறை காலிசெய்து, உட்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். வாரம் ஒருமுறை என்பதற்குக் காரணம், முட்டை கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். தேய்க்க வேண்டும் என்பதற்குக் காரணம், முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும். தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தாலும் அவை காய்ந்த நிலையில் பல மாதம் உயிரோடு இருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். காலாண்டு விடுமுறை முடிந்து திறக்கும் நாளில் பள்ளியின் கழிப்பறை வாளிகளையும், மொட்டை மாடியையும், உடைந்த பெஞ்சுகள் குவித்த மூலையையும் முதலில் பார்க்க வேண்டியது இதனால்தான்.

காய்ச்சல் நோட்டு

2017க்குப் பிறகு என் வகுப்பில் வருகைப் பதிவேட்டோடு ஒரு நாற்பது பக்க நோட்டும் இருக்கிறது. ஐந்து பத்திகள்: பெயர், தெரு, காய்ச்சல் தொடங்கிய தேதி, காய்ச்சல் விட்ட தேதி, மருத்துவரிடம் காட்டியாயிற்றா. காய்ச்சலுக்காக விடுப்பு என்று தெரிந்த அன்றே பெற்றோருக்கு ஃபோன் செய்து எழுதிவிடுவேன். ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம் ஆகும்.

ஒரே தெருவில் மூன்று பேர் சேர்ந்தால் தலைமையாசிரியர் மூலம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லிவிடுகிறோம். கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்து தொட்டிகளில் அபேட் மருந்து ஊற்றுகிறார்கள். ஐயம் இருப்பவர்கள் 104 என்ற அரசின் மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம்.

நோட்டில் நான் அதிகம் பயன்படுத்துவது நான்காவது பத்தியைத்தான். காய்ச்சல் விட்ட தேதியிலிருந்து முழுதாக இரண்டு நாள் போகும்வரை பள்ளிக்கு வரச் சொல்வதில்லை. அந்த இரண்டு நாளும் பெற்றோரிடம், “சாப்பிட்டானா? ஒன்றுக்குப் போகிறானா? வயிறு வலிக்கிறதா? கை கால் சூடாக இருக்கிறதா?” என்று நான்கு கேள்வி கேட்பேன். வேலைக்குப் போயே ஆக வேண்டிய பெற்றோர் பலர். பக்கத்து வீட்டுப் பாட்டியிடமாவது இந்த நான்கையும் சொல்லிவிட்டுப் போகச் சொல்வேன்.

தேர்வு நேரத்தில் இதைக் கடைப்பிடிப்பது எளிதில்லை. தமிழகத்தில் டெங்கு கூடும் மாதங்களும் காலாண்டு, அரையாண்டுத் தேர்வு மாதங்களும் ஏறக்குறைய ஒன்றே. பிள்ளைக்கும் பரீட்சை போய்விடுமே என்ற பயம் இருக்கும். “தேர்வைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்” என்று நாம் முன்கூட்டியே வகுப்பில் அறிவித்துவிட்டால் அந்தப் பயம் பாதியாகக் குறையும். இதற்குத் தலைமையாசிரியரின் ஒப்புதல் ஒன்று போதும்.

சென்ற காலாண்டுத் தேர்வின்போது ஒரு மாணவனின் அப்பா ஃபோன் செய்தார். “மிஸ், காலையில ஜுரம் விட்டுடுச்சு. இங்கிலீஷ் பரீட்சைக்கு அனுப்பட்டுமா?”

நோட்டைப் பார்த்தேன். தொடங்கி நான்காம் நாள். “வேணாங்க. ரெண்டு நாள் வீட்டுலயே இருக்கட்டும். இன்னைக்கு டாக்டர்கிட்ட ஒருமுறை காட்டிடுங்க. பரீட்சையை நான் பாத்துக்கறேன்” என்றேன்.

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரத்தப் பரிசோதனையில் டெங்கு இல்லை என்று வந்தது. மூன்றாம் நாள் சிரித்துக்கொண்டே வந்தான். சத்துணவு நேரத்தில் ஓய்வறையில் தனியாக உட்கார்ந்து ஆங்கிலத் தேர்வை எழுதினான். நோட்டில் அவன் பெயருக்கு எதிரே ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த பெயரைப் பார்த்தேன்.